நாடாவில் ஊர்வசி, மேடையில் ஊர்வசி

"அப்படியே ஒலிநாடாவில் கேட்டது போலவே இருந்தது!"

மலேசியத் தமிழர் நடத்தும் கலை இரவுகளில், பாடி முடித்து மேடையை விட்டு இறங்கும் பாடகருக்குக் கிடைக்கும் தலையாய பாராட்டு இதுவே. ஒலிநாடா வழக்கொழிந்து, குறுந்தட்டும் மறைந்து, பாட்டெல்லாம் கைப்பேசிக்குள் அடங்கிவிட்ட இக்காலத்திலும் பாராட்டு மட்டும் மாறவில்லை. பாடியவர் சொல்லை எப்படி ஒலித்தார், கேட்போர் முகம் பார்த்து எதைக் கூட்டினார், எதைக் குறைத்தார் என்று வினவுவாரில்லை. பதிவுக்கும் பாட்டுக்கும் மயிரிழை வேறுபாடும் இல்லை என்பதே பெருமையாகிவிட்டது.

இப்பாராட்டு பாராட்டன்று, பழிப்பு. ஒரு மனிதரைப் பார்த்து, 'நீர் நல்ல இயந்திரம்' என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? பழிப்பைப் பாராட்டாக ஏற்று மகிழும் இம்மனப்பான்மை தமிழ்ப்பள்ளி மேடைகள் வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டது என்பதே கவலைக்குரியது. ஆகவே, ஒலிப்பதிவுக் கூடத்தில் பிறந்த வடிவம் பெரிதா, மேடையில் பாடப்படும் வடிவம் பெரிதா என்னும் வினாவை, ஒரு காலத்தில் இளைஞர் உள்ளங்களைக் கொள்ளை கொண்ட ஒரே ஒரு பாடலை முன்வைத்து எண்ணிப் பார்ப்பது தக்கதாகும். அப்பாடல் 'ஊர்வசி ஊர்வசி'.

இப்பாடல் இடம்பெற்ற 'காதலன்' என்னும் திரைப்படம் 1994ஆம் ஆண்டு வெளிவந்தது. இயக்கியவர் ஷங்கர், இசை ஏ. ஆர். ரகுமான், பாடல் வைரமுத்து. பாடியோர் மூவர்: ஏ. ஆர். ரகுமான், சுரேஷ் பீட்டர்ஸ், சாகுல் ஹமீது. படத்தில் பிரபுதேவா ஆடிய ஆட்டமும் பாட்டோடு ஒட்டிக்கொண்டது. மேலைநாட்டுத் துள்ளிசையின் நடையும் தமிழ்நாட்டுத் தெருவோரக் கேலியும் கைகோத்த அப்பாட்டு, அன்றைய இளைஞருக்குப் புதுமையிலும் புதுமை. பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் நாடாக் கடைகளின் வாயிலில் ஒலிபெருக்கிகள் அதனை முழங்கின. திருமண வீடுகளில் அது முழங்கிற்று; பேருந்துகளில் முழங்கிற்று. அன்று இடைநிலைப்பள்ளி மாணவராகவும் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி மாணவராகவும் இருந்தோர் இன்று நாற்பதையும் ஐம்பதையும் தொட்டு நிற்கின்றனர். அவருள் பலர் இன்று பெற்றோர், சிலர் தமிழாசிரியர். தாம் அன்று நேசித்த பாட்டை இன்று நிதானமாக மறுபடி எடைபோடும் கடமை அவர்களுக்கு உண்டு.

அன்று அப்பாடலுக்கு இருவகைத் தீர்ப்புகள் எழுந்தன. மூத்த தமிழாசிரியர், 'பல்லவியிலேயே ஆங்கிலத் தொடர். தமிழ் கெட்டது' என்றனர். இளைஞரோ, 'இதுபோல் இனி ஒரு பாட்டு வாராது' என்றனர். ஒருசாரார் இகழ்ந்தனர், மறுசாரார் புகழ்ந்தனர். ஆயினும் இருசாராரும் ஒன்றையே பாட்டு என்று கொண்டனர். நாடாவில் உறைந்து கிடந்த அவ்வொரு வடிவமே பாட்டு. அதற்கு அப்பால் பாட்டு இல்லை. இருவர் தீர்ப்பிலும் இருந்த பொதுப்பிழை அதுவேயாகும்.

நாடாவில் உள்ளது யாது? அது பிறந்த முறையை அறிந்தாலன்றி அதன் மதிப்பை அறிய இயலாது. மெல்லிசை மன்னர்களின் காலத்தில் திரைப்பாடல் பதிவு என்பது ஒரு கூட்டுச் செயல். வயலின் கலைஞர், தபேலாக் கலைஞர், புல்லாங்குழற் கலைஞர், பாடகர் ஆகிய அனைவரும் ஒரே கூடத்தில் ஒரே வேளையில் கூடுவர். ஒருவர் தவறினால் அனைவரும் முதலிலிருந்து தொடங்குவர். ஆகவே அன்றைய பதிவு, கேட்போர் இல்லாத மேடை என்று சொல்லத் தக்கது. டி. எம். சௌந்தரராஜனும் பி. சுசீலாவும் பாடிய பல பாடல்களில் இன்றும் ஓர் உயிர்த்துடிப்பு கேட்கிறதெனின், அதற்கு இக்கூட்டுச் செயலும் ஒரு காரணம்.

ரகுமான் முறை வேறு. கோடம்பாக்கத்தில் தம் இல்லத்தை ஒட்டி அமைத்த பஞ்சதன் ஒலிப்பதிவுக் கூடத்தில், கணினியின் துணைகொண்டு தாளத்தை ஓர் அடுக்காகவும் கருவியிசையை வேறோர் அடுக்காகவும் குரல்களைத் தனித்தனி அடுக்குகளாகவும் பதிவு செய்து, பின்னர் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்துவது அவர் வழக்கம். பாடகரைப் பலவாறாகப் பாடச் செய்து, அவற்றுள் சிறந்த பகுதிகளைப் பின்னர்த் தேர்ந்துகொள்வதும் அவர் வழக்கமென்பது அவரிடம் பாடியோர் பலர் கூறியுள்ள செய்தி. அங்ஙனமாயின், இவ்வழியில் உருவாகும் பாடல், நாடாவில் கேட்கும் வடிவில், உலகில் எந்த இடத்திலும் எந்த நொடியிலும் ஒருங்கே பாடப்பட்டதே இல்லை. பல இரவுகளின் துணுக்குகளைத் தேர்ந்து தொடுத்த மாலை அது.

மாலை தொடுப்பது குற்றமா? அன்று. அது தனியொரு கலை, அருங்கலை. சொற்களைச் செதுக்கி நூல் எழுதுவோன் செய்வதும் அதுவே. ஆனால் தொடுத்த மாலையைக் கொடியில் அப்படியே பூக்கவில்லையே என்று செடியைக் கடிந்துகொள்வார் உண்டோ? நாடாவைப் போல் பாடவில்லையென்று பாடகரைக் கடிந்துகொள்வோர் செய்வது அதுவேயன்றி வேறன்று.

இனி நாடா வடிவத்தின் நிறைகுறைகளைக் காண்போர் சில உண்மைகளை ஒப்புக்கொள்ள வேண்டும். முதலாவது, மூத்த ஆசிரியர் கூறிய குற்றம் பாதி உண்மையே. பல்லவியிலுள்ள ஆங்கிலத் தொடர், 'எதையும் பெரிதாக எண்ணாதே' என்னும் பொருளில், அன்றைய கல்லூரி இளைஞன் வாயில் புழங்கிய பேச்சு. கவிஞர் அதனைத் தாமாகத் திணித்தாரல்லர், தெருவிலிருந்து எடுத்தார். அதற்கு முன்னும் பின்னும் நிற்கும் ஈரடிகளோ நல்ல தமிழ்ப் பேச்சு. விரும்பிய தொலைக்காட்சி நிகழ்ச்சி வரும் வேளையில் மின்சாரம் நின்றுபோகிறது. ஒழுங்காகப் படித்தும் தேர்வில் தோல்வி வருகிறது. உழைக்காமல் உண்பவன் என்று தந்தை ஏசுகிறார். எளிய மனிதனின் சிறு துன்பங்களை ஒவ்வொன்றாக எடுத்து, எள்ளி நகையாடி, இறக்கி வைக்கும் முறை அது. விடுகதையும் சொலவடையும் வழங்கும் மக்களுக்கு இம்முறை புதிதன்று. ஆங்கிலத் தொடரைக் கண்டு முகம் சுளித்த மூத்தோர், அதனைச் சுற்றி நின்ற தமிழைக் காணாது விட்டனர்.

இரண்டாவது, இளைஞர் கூறிய புகழும் பாதி உண்மையே. தாளமும் பேஸ் கித்தாரின் ஓட்டமும் முன்னிற்க, குரல்கள் அவற்றின்மேல் விளையாடும் அமைப்பு இன்றும் சலிக்கவில்லை. 2014ஆம் ஆண்டு அமெரிக்கக் கலைஞர் வில் ஐ ஆம் தம் பாடலொன்றை இதன் மெட்டைக் கொண்டு அமைக்க, அது பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. இருபது ஆண்டுகள் கழித்தும் விலைபோகும் சரக்கு என்பதற்கு அது சான்று. ஆயினும் இங்கே ஓர் உண்மை மறைந்து கிடக்கிறது. மெட்டுக் கடல் கடந்தது, தமிழ் கடக்கவில்லை. பதிவை அறுத்து எடுக்கலாம், ஒட்டலாம். அதைப் பாடிய வாயையும் அதில் வாழ்ந்த சொல்லையும் அறுத்து எடுக்க இயலாது.

மூன்றாவது உண்மை மலேசியருக்கே உரியது. மின்தடை பற்றிய அந்த ஈரடியில் குறிக்கப்படுவது, சென்னைத் தொலைக்காட்சியில் வெள்ளிக்கிழமை மாலைகளில் ஒளிபரப்பான 'ஒளியும் ஒலியும்' என்னும் திரைப்பாடல் நிகழ்ச்சி. தமிழகத்து இளைஞனுக்கு அந்நிகழ்ச்சியின்போது மின்சாரம் போவது நெஞ்சைத் தொட்ட துன்பம். கிள்ளான் பள்ளத்தாக்கில் வளர்ந்த இளைஞனுக்கோ அந்நிகழ்ச்சி வீட்டுத் தொலைக்காட்சியில் வந்ததில்லை. ஆனாலும் அவன் அவ்வடியைச் சொல் பிசகாமல் பாடினான். யாருடைய துன்பம் என்று அறியாமலே பாடினான். தன் ஊரின் துன்பத்தை அவ்விடத்தில் வைத்துப் பாடலாமே என்னும் எண்ணம் அவனுக்குத் தோன்றவே இல்லை. நாடாவில் இல்லாததைப் பாடுவது பிழை என்று அவனுக்குக் கற்பிக்கப்பட்டிருந்தது. நாடாவின் மெய்யான தீங்கு இதுதான். அது பாடலைக் கெடுக்கவில்லை; பாடுவோனை ஊமையாக்கிற்று.

மேடை வடிவத்துக்கு வருவோம் என்போர்க்கு நல்லதொரு சான்றை ரகுமானே தந்துள்ளார். 2016ஆம் ஆண்டின் இறுதியில், எம்டிவி தொலைக்காட்சியின் 'அன்பிளக்ட்' என்னும் நேரிசை நிகழ்ச்சிக்காக அவர் இப்பாடலை மீண்டும் எடுத்தார். பழைய ஈரடிகளுக்கு மாற்றாகப் புதிய ஈரடிகளை எழுதி அனுப்புமாறு சமூக ஊடகத்தின் வழி மக்களையே கேட்டார். அமெரிக்க அதிபர் தேர்தலில் டிரம்ப் வென்றதும், இந்தியாவில் 500, 1,000 ரூபாய்த் தாள்கள் செல்லாதென அறிவிக்கப்பட்டதும் அப்புதிய அடிகளில் இடம்பெற்றன. அவ்விரு நிகழ்ச்சிகளும் 2016 நவம்பர் 8 என்னும் ஒரே நாளுக்கு உரியவை. உலகெலாம் பேசிய செய்தி சில வாரங்களில் பாட்டாகிவிட்டது.

பழைய பாட்டின் பற்றாளருக்கு இது பொறுக்கவில்லை. 'கவிஞர் எழுதியதைக் கண்டவர் திருத்துவதா? செய்தித்தாளைப் பாட்டாக்குவதா? நாளை இச்செய்தி பழசாகும். பாட்டும் பழசாகும்' என்பது அவர்தம் வாதம். மேலோட்டமாகக் கேட்போர்க்கு இது நேரிய வாதமாகவே தோன்றும். ஆழ்ந்து நோக்கின் இதன் பொய்ம்மை விளங்கும். 2016இன் அடிகள் இன்று பழசாயின என்பது மெய்யே. ஆனால் 1994இன் அடிகள் பழசாகவில்லையா? 'ஒளியும் ஒலியும்' என்றால் என்ன என்று கேட்கும் மாணவனுக்கு இன்று உரையாசிரியர் ஒருவர் தேவைப்படுகிறார். இரண்டும் காலத்தால் தேய்ந்தவையே. நாடா வடிவம் தான் என்றும் இளமையாக இருப்பதாகப் பாசாங்கு செய்கிறது. மேடை வடிவம் தன் ஆயுள் அன்றைய இரவு மட்டுமே என்பதை ஒப்புக்கொள்கிறது. எது நேர்மையானது?

இன்னும் ஒன்று. மக்களிடமே அடிகளைக் கேட்டு வாங்கிப் பாடியது புதுமை என்று செய்தித்தாள்கள் எழுதின. தமிழ் அறிந்தோர் அதனைப் புதுமை என்று கொள்ளலாமோ? தெம்மாங்கும் லாவணியும் எசப்பாட்டும் ஏற்றப்பாட்டும் அவ்வாறு வளர்ந்தவையல்லவா? முன்பாட்டுக்காரர் ஓரடி எடுக்க, பின்பாட்டுக்காரர் அன்றைய ஊர்ச்செய்தியை வைத்து மறுமொழி தொடுப்பது எத்தனை நூற்றாண்டுப் பழக்கம்! இம்மண்ணில் ரப்பர்த் தோட்டங்களுக்கு வந்த தமிழரும் அப்பழக்கத்தைக் கைவிடவில்லை. தாயகத்து மெட்டு அப்படியே நிற்க, சொல்லில் கங்காணி புகுந்தார், பால்மரம் புகுந்தது, கப்பல் புகுந்தது. முத்தம்மாள் பழனிசாமி போன்றோர் திரட்டித் தந்த தோட்டப்புறப் பாடல்களைப் படிப்போர் இதனை அறிவர். எழுதப் படிக்க வாய்ப்பற்றிருந்த பாட்டிகள் தம் ஊரைப் பாட்டில் ஏற்றினர். பட்டம் பெற்ற பேரரோ யாரோ ஓர் ஊரில் பதிவு செய்ததை அட்சரம் பிசகாமல் ஒப்பிக்கின்றனர். எது வளர்ச்சி, எது தேய்வு என்பதைக் கற்றோர் தீர்மானிக்கட்டும்.

ஸ்ரீ கெம்பாங்கானில் இருந்து கண்ணெட்டும் தொலைவில் புக்கிட் ஜாலில் தேசிய விளையாட்டரங்கம் நிற்கிறது. 1998ஆம் ஆண்டுக் காமன்வெல்த் விளையாட்டுகளுக்காக எழுந்தது அது. அவ்வட்டாரம் அதற்கு முன்னர்த் தமிழர் பால்மரம் சீவிய தோட்டம். 2023 சனவரியில் அவ்வரங்கத்தில் ரகுமானின் இசை நிகழ்ச்சி நடைபெற்றது; மக்கள் வெள்ளமெனத் திரண்டனர். ஒரு காலத்தில் வெறுங்குரலில் பாட்டுக் கட்டிய மக்களின் நிலத்தில் இன்று பேரொலிப் பெருக்கிகள் முழங்குகின்றன. முழங்கட்டும், அதில் பிழையில்லை. ஆனால் அவ்வரங்குகளில் கூடுவோரில் எத்தனை பேர் கேட்கப் போகின்றனர், எத்தனை பேர் சரிபார்க்கப் போகின்றனர் என்பதே வினா. கைப்பேசியை உயர்த்திப் பிடித்து, பாடகரின் ஒவ்வொரு அசைவையும் பதிவாக்கிக்கொண்டு, பழைய பதிவோடு ஒப்பிட்டுக் குறை சொல்லும் கூட்டம் பெருகியிருப்பதை எவரும் மறுக்க இயலாது.

மேடையைப் போற்றுவதற்காக மேடையின் குற்றங்களை மறைப்பதும் நேர்மையன்று. இன்று மேடை என்று வழங்கும் எல்லாம் மேடையல்ல. 'அன்பிளக்ட்' நிகழ்ச்சியே தொலைக்காட்சிக்கென ஒழுங்கு செய்து பதிவு செய்யப்பட்டது. முழு மேடை என்று அதனைக் கொள்ளல் ஆகாது. முன்பே பதிவான குரலை ஓடவிட்டு வாயசைக்கும் நிகழ்ச்சிகள் உலகெங்கும் உண்டு. அவை மேடையின் பெயரால் நடக்கும் ஏமாற்று. கேட்போரும் குற்றமற்றவரல்லர். 2017 சூலையில் இலண்டன் வெம்பிளியில் நடந்த ரகுமான் நிகழ்ச்சியில், தமிழ்ப் பாடல்கள் மிகுந்துவிட்டன என்று இந்தி இரசிகர் சிலர் வெளியேறி, கட்டணத்தைத் திருப்பித் தருமாறு கேட்டனர். பாட்டைக் கடைச்சரக்காகக் கருதும் மனம் பேசிய பேச்சு அது. 2023 செப்டம்பர் 10ஆம் நாள் சென்னையில் நடந்த நிகழ்ச்சியில் அளவுக்கு மீறிய கூட்டம் கூடி, நுழைவுச்சீட்டு வைத்திருந்தோரே உள்ளே செல்ல இயலாமல் இன்னலுற்றனர். ஆகவே, மேடை என்ற ஒரே காரணத்தால் ஒன்று உயர்ந்துவிடாது. பாடுவோரும் கேட்போரும் ஒருவரை ஒருவர் மதிக்கும் இடமே மேடை.

'இசையமைப்பாளரின் உரிமை என்னாவது?' என்று கேட்பாரும் உளர். கேட்கத் தக்க கேள்வியே. 2017ஆம் ஆண்டு, தம் பாடல்களை இசைவின்றி மேடையில் பாடக்கூடாதென எஸ். பி. பாலசுப்பிரமணியத்திற்கு இளையராஜா தரப்பிலிருந்து சட்ட அறிவிப்புச் சென்றது. தமிழுலகம் இரண்டுபட்டு விவாதித்தது. பின்னர் 2019இல் இருவரும் ஒரே மேடையில் நின்றனர். 2020இல் பாலசுப்பிரமணியம் மறைந்தார். அவ்விவாதத்தின் பாடம் தெளிவானது. படைத்தோர்க்கு உரிய ஊதியமும் உரிய பெயரும் தரப்பட வேண்டும், அதில் ஐயமில்லை. ஆனால் ஊதியம் தந்தபின் பாடகர் மூச்சுவிடும் இடத்தையும் அளந்து தர முற்படின், அது உரிமையன்று, சிறை. அதே பாலசுப்பிரமணியம் மேடையில் பாடும்போது சிரிப்பையும் சங்கதியையும் தம் விருப்பம்போல் சேர்த்துப் பாடுவார். மக்கள் அவரை நேசித்ததற்கு அவ்வுரிமையும் ஒரு காரணமன்றோ?

'ஊர்வசி' பாடலின் கதை இங்கே முடிந்திருப்பின் இஃது ஒரு சுவைப் பூசலாகவே நின்றிருக்கும். 2024ஆம் ஆண்டு அதனைச் சுவைப் பூசலுக்கும் அப்பால் கொண்டு சென்றது. அப்பாடலின் மூன்று குரல்களுள் ஒன்றுக்கு உரியவரான சாகுல் ஹமீது 1997ஆம் ஆண்டு சாலை விபத்தில் உயிர் நீத்தார். 'திருடா திருடா' படத்தில் கருவியிசைத் துணையின்றிக் குரல்களாலேயே அமைந்த 'ராசாத்தி' பாடலைப் பாடியவர் அவர். அவர் மறைந்து கால் நூற்றாண்டுக்குப் பின், 'லால் சலாம்' படத்தின் 'திமிறி எழுடா' என்னும் பாடலில் அவர் குரலும், 2022இல் மறைந்த பம்பா பாக்யாவின் குரலும் செயற்கை நுண்ணறிவின் துணையால் மீண்டும் எழுப்பப்பட்டன. குடும்பத்தாரின் இசைவு பெற்றே, உரிய ஊதியம் அளித்தே இது செய்யப்பட்டது என ரகுமான் 2024 சனவரியில் அறிவித்தார். அவ்வறிவிப்பில் நேர்மை உண்டு, அதனைப் பழிப்பதற்கில்லை.

ஆயினும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒலிப்பதிவுக் கூடம் தொடங்கிய பயணத்தின் இறுதி ஊர் இதுவன்றோ? முதலில் பாடகரைக் குழுவிலிருந்து பிரித்தது. பின்னர்ப் பாட்டைத் துணுக்குகளாகப் பிரித்தது. இன்று குரலை உயிரினின்றே பிரித்துவிட்டது. பதிவைப் போல் பாடுவதே பெருமை என்று கூறி வந்தோர்க்கு இப்போது பதில் கிடைத்துவிட்டது: பதிவைப் போல் பாட மனிதர் வேண்டியதில்லை, இயந்திரமே போதும். நகலெடுப்பதே பாட்டு என்றால், மனிதரினும் சிறந்த நகலாளர் வந்துவிட்டார். சாகுல் ஹமீதின் குரல் எத்தனை பாடலில் ஒலித்தாலும், ஒரு மாலைப்பொழுதில் மேடையேறி, முன்வரிசையில் இருக்கும் முதியவரைப் பார்த்து ஓரடியை மாற்றிப் பாட அவர் வரமாட்டார். அவ்வோரடியே பாட்டு. இயந்திரத்தால் தர இயலாத அதனை மேடை மட்டுமே தரும்.

தமிழிசை மரபு இதனை என்றோ அறிந்திருந்தது. கச்சேரியில் ஒரே கீர்த்தனையை ஒரே வித்துவான் இருமுறை பாடினும் நிரவலும் கற்பனைச் சுரமும் ஒன்றாக அமைவதில்லை. அமையின் கேட்போர் எழுந்து போவர். மாற்றமில்லாத பகுதியைக் கற்றுத் தேர்ந்தவரே மாற்றும் உரிமை பெறுவர் என்பது அம்மரபின் நெறி. கற்காமல் மாற்றுவது கூத்தடிப்பு. கற்றும் மாற்றாமலிருப்பது அடிமைத்தனம். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழியே கலையின் வழி.

தமிழ் கற்பிப்போர்க்கு இதில் என்ன அக்கறை என்று வினவலாம். அக்கறை பெரிது. இன்று பள்ளி விழாக்களிலும் போட்டிகளிலும் மாணவர், குரல் நீக்கப்பட்ட கரோக்கே இசையை ஓடவிட்டுப் பாடுகின்றனர். இசை முன்னே ஓடுகிறது. குழந்தை பின்னே ஓடுகிறது. மூச்சு வாங்க நின்றால் இசை நிற்பதில்லை. சொல் ஒன்று நெஞ்சைத் தொட்டு அதனை இன்னொரு முறை பாட விரும்பினாலும் இசை இடம் தருவதில்லை. மூலப்பாடகர் ழகரத்தைப் பிழைபட ஒலித்திருந்தால் குழந்தையும் அப்பிழையைப் பக்தியோடு ஒலிக்கிறது. திருத்தும் ஆசிரியரிடம், 'பாட்டில் அப்படித்தான் இருக்கிறது' என்று மறுமொழி வருகிறது. பதிவு ஆசிரியராகிவிட்டது, ஆசிரியர் பார்வையாளராகிவிட்டார்.

பாட்டில் மட்டுமா இந்நிலை? கட்டுரை எழுதும் மாணவன் மாதிரிக் கட்டுரையை மனனம் செய்து இறக்கி வைக்கிறான். மேடைப் பேச்சாளனாகிய சிறுவன், யாரோ எழுதித் தந்த உரையை, யாரோ காட்டித் தந்த கையசைவோடு ஒப்பிக்கிறான். அவன் வாழும் ஊர் அவ்வுரையில் இல்லை. அவன் தாய் தந்தையர் செய்யும் தொழில் அதில் இல்லை. ஸ்ரீ கெம்பாங்கான் மாணவன் எழுதும் 'எங்கள் ஊர்' என்னும் கட்டுரையில் பச்சை வயலும் சலசலக்கும் ஓடையும் வருகின்றன. சுரங்கம் ஏரியாகி நிற்கும் மைன்ஸ் வட்டாரமோ, புதுக்கிராமமாக இருந்து நகரமான வரலாறோ, நெடுஞ்சாலை இரைச்சலோ வருவதில்லை. 'ஒளியும் ஒலியும்' அறியாமலே அதைப் பாடிய 1994இன் இளைஞனும், காணாத வயலை எழுதும் இன்றைய மாணவனும் ஒரே நோயால் வருந்துவோர்.

நோய்க்கு மருந்து கூறாமல் நோயை மட்டும் கூறுவது ஆசிரியர்க்கு அழகன்று. பாட்டுப் போட்டிகளில் மூன்று மாற்றங்களைச் செய்யலாம். ஒன்று, ஒரு பிரிவிலாவது கரோக்கேயை விலக்கி, ஆர்மோனியமோ மிருதங்கமோ கஞ்சிராவோ வாசிக்கும் மாணவரைத் துணைக்கு அமர்த்துதல். இரண்டு, மூலப்பாடகரைப் போல் பாடியமைக்கு மதிப்பெண் வழங்காது, சொல் தெளிவுக்கும் பொருள் உணர்வுக்கும் வழங்குதல். மூன்று, தெரிந்த மெட்டொன்றைத் தந்து, தம் ஊரையும் தம் பள்ளியையும் பற்றி ஈரடிகளையேனும் மாணவரே கட்டிப் பாடும் பிரிவை ஏற்படுத்துதல். 'ஊர்வசி'யின் மெட்டே அதற்குப் போதும். பேருந்து வராத காலையையும், வகுப்பில் மின்விசிறி நின்ற நண்பகலையும், வீட்டுப்பாடம் மறந்த துன்பத்தையும் அம்மெட்டில் ஏற்றிச் சிரிக்கும் மாணவன், எதுகையையும் மோனையையும் இலக்கணப் புத்தகத்தில் அன்றித் தன் நாவிலேயே கண்டுகொள்வான். முதல் ஆண்டில் அடிகள் முரடாக இருக்கும், சிரிப்புக்கும் இடமாகும். இருக்கட்டும். முரடான சொந்த அடி, மெருகேறிய இரவல் அடியினும் மேலானது.

நாடாவை எரிக்க வேண்டுமென்பதன்று இங்குக் கூறப்படுவது. 1994இன் பதிவு நல்ல பதிவு. அதனைக் கேட்டு மகிழ்வோர் மகிழட்டும். மறைந்த பாடகரின் இளமைக் குரல் அதில் வாழ்கிறது. அதற்காகவேனும் அது போற்றத் தக்கது. ஆனால் அது சான்றாக இருக்கட்டும், சட்டமாக வேண்டா. கற்பதற்கு நாடா, பாடுவதற்கு வாய்.

ஊர்வசி என்னும் பெயருக்கே இதில் ஒரு பொருத்தம் உண்டு. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, ஆடலரங்கின் அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் 1 கோல் என அளவு கூறுகிறது. ஆடலாசிரியர் முதல் யாழாசிரியர் ஈறாக ஒவ்வொருவரின் தகுதியையும் வரையறுக்கிறது. அத்துணை இலக்கணம் வகுத்த நூலிலேயே ஊர்வசியின் தொன்மமும் குறிக்கப்பெறுகிறது. இந்திரன் அவையில் ஆடிய ஊர்வசி, சயந்தனைக் கண்டு மனம் நெகிழ, ஆடல் பிழைத்தது, இசையும் நிலைகுலைந்தது, அகத்தியர் சினந்து, மண்ணுலகிற் பிறக்குமாறு சபித்தார். அவள் வழியில் வந்தவளே மாதவி என்பது மரபு.

பிழையே நேராத வானுலகில் ஊர்வசி ஆடிக்கொண்டேயிருந்தால், மாதவி ஏது? புகார் நகரத்து அரங்கேற்றம் ஏது? அரங்கில் நேர்ந்த ஒரு பிழையால்தான் கூத்து மண்ணுக்கு வந்தது. மனிதர் கைக்குக் கிடைத்தது. பிழையற்ற நாடாவைத் தலைமேல் வைத்துக் கூத்தாடுவோர் இதனைச் சற்றே நினைவு கொள்வாராக. அடுத்த விழாவில் ஒரு குழந்தை பாடும்போது ஓரடி மறந்து, தயங்கி, தன் சொல்லொன்றை அவ்விடத்தில் வைத்துப் பாடினால், மதிப்பெண்ணைக் குறைக்கும் கை ஒரு நொடி நிற்கட்டும். அந்த நொடியில் அந்தக் குழந்தை தமிழில் பாடத் தொடங்கியிருக்கக் கூடும்.